பின்னேரம் வரைக்கும்

ஞானாம்பிகை நீத்துப்பெட்டியிலிருந்து புட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது படலையடியில் தேவராசா நின்றான். அச்சுவேலியில் அவளுடைய அண்ணன் முருகேசுவின் பக்கத்து வளவுக்காரன். வழமையாக "அக்கா" என்று கூப்பிட்டபடி அடுக்களை வரை வந்துவிடுகிறவன் இன்று உள்ளே வரவில்லை. சால்வையைக் கையில் எடுத்து வைத்திருந்தான். சாவு சொல்ல வருகிறவர்கள்தான் படலை தாண்டுவதில்லை. கையைக்கூடக் கழுவாமல் அவள் ஓடினாள்.

"அண்ணை போட்டார், அக்கா. விடியப்புறம் நெஞ்சுக்கை நோகுது எண்டவர். தண்ணி கொண்டுவாறதுக்கிடையிலை…"

கத்தி அழத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கிணற்றடியில் வாளி இடிபடும் சத்தம் கேட்டது. மகன் பஞ்சலிங்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தான். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

இன்று காங்கேசன்துறையில் பள்ளிக்கூடங்களுக்கிடையே நீச்சல் போட்டி. பதினேழு வயது வரை தண்ணீரென்றால் கிணற்றுக் கட்டோடு நின்றுவிடுகிற பிள்ளை, போன வருடம் திடீரென்று நீந்தவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மயிலிட்டிக் கடற்கரைப் பெடியன்கள் நடக்க முதலே நீந்தினவர்கள், நீர்வேலி வாழைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவனுக்கு அவர்களோடு என்ன போட்டி என்று ஊர் சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் முருகேசுதான். அவருக்கும் நீந்தத் தெரியாது. மருமகனைத் தோட்டக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி சுருட்டும் வாயுமாக மேலே நிற்பார். பெடியனின் தகப்பன் மலாயாவில் றெயில்வே கிளாக்கர். ஒன்று கிடக்க ஒன்று நடந்தால் அந்த மனிசனுக்கு யார் பதில் சொல்வது என்று அண்ணனோடு சண்டை பிடித்த ஞானாம்பிகை, சித்திரையிலிருந்து அவரோடு கதைக்கவேயில்லை. இனிக் கதைக்க ஆளில்லை.

பஞ்சலிங்கத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இது கடைசி வருடம். இன்று விட்டால் பிறகு இல்லை. மாமா செத்தது காதில் விழுந்தால் துடக்கு, சாவுத் தீட்டு. போ என்றாலும் அவன் போகமாட்டான்.

"தம்பிக்குச் சொல்லாதையும். அவன் போகட்டும்."

தேவராசா திகைத்துப்போனான். "என்னக்கா கதைக்கிறியள்? அவருக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. தம்பியெல்லோ கொள்ளி வைக்கவேணும்?"

"பின்னேரம் வந்து வைப்பான். அதுவரைக்கும் வைச்சிருங்கோ."

"சனம் என்ன சொல்லும்?"

"என்னைத்தானே சொல்லும். சொல்லட்டும்."

உள்ளே போய்ப் புட்டையும் வாழைப்பழத்தையும் இலையில் கட்டினாள்.

பஞ்சலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். "என்ன தேவராசா அண்ணை, விடியவே?"

"உழுந்து இருக்கோ எண்டு கேக்க வந்தனான்."

உழுந்து கேட்க அச்சுவேலியிலிருந்து நீர்வேலிக்கு விடிய முதல் நடந்து வந்தவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். பெடியனுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

"மாமா வெளிக்கிட்டிட்டாரே?"

தேவராசா நிலத்தைப் பார்த்தான். "வருவார். நீ போ ராசா," என்றாள் ஞானாம்பிகை.

"அவரை முன்னுக்கு நிக்கச் சொல்லிவிடுங்கோ, அம்மா. சனத்துக்குள்ளை நிண்டால் எனக்குத் தெரியாது. தலையைத் தூக்கேக்கை பாப்பன்."

"சொல்லிவிடுறன்."

சைக்கிள் ஒழுங்கை திரும்பி மறையும் வரை நின்றாள். பிறகு படலையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

அச்சுவேலியில் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக் குழறினார்கள். அண்ணனின் மனைவி மகாதேவி தலையை நிமிர்த்தினாள். "பெடியன் எங்கை, மச்சாள்?"

"நீந்தப் போட்டான்."

அழுகை சட்டென்று நின்றது. யாரோ "சிவ சிவா" என்றார்கள். மகாதேவி ஏசவில்லை. "அங்கை போகவெண்டு நேற்றுத் தோய்ச்சு மடிச்சு வைச்ச வேட்டி," என்று முருகேசுவின் காலடியைத் தடவினாள். "அதைத்தான் உடுத்திவிட்டிருக்கு."

ஞானாம்பிகை முற்றத்து வெயிலைப் பார்த்தாள். இந்நேரம் இறங்கியிருப்பான். அவன் போகட்டும் என்பதை மட்டும்தான் அவள் யோசித்திருந்தாள். கையை வீசி வீசி, மூச்சுக்குத் தலையைத் தூக்கும் போதெல்லாம் கரையில் முன்னுக்கு நிற்கிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, மறுபடியும் தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்துகிறான் பிள்ளை.