பெண்ணையாற்றில் ஒரு மெடல்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பதாவது: 1935ஆம் வருஷம் நவம்பர் மாதம் பதினோராந் தேதி, சீமையில் பெரிய சண்டை ஓய்ந்த நாளை முன்னிட்டு, உலக நாகரிகமானது பெண்ணையாற்றின் வழியாகச் சோரியாங்குப்பத்துக்கு வந்து சேரும். காலை ஒன்பது மணிக்கு.

தமுக்கடிப்பவன் இதைத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான். வாசகம் மிராசுதார் சிங்காரவேலுவுடையது. நாற்பது காணி நெல்லும் பதினைந்து காணி கரும்பும் இருந்து என்ன, சட்டையில் குத்திக்கொள்ள ஊரை ஆளும் பிரெஞ்சு சர்க்காரின் மெடல் ஒன்று இல்லை. பாகூரில் அவரைவிடச் சின்ன நிலக்காரர்கள் இரண்டு பேர் மெடலோடு கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிரெஞ்சுப் படப் பத்திரிகை ஒன்று வழி காட்டியது. பாரீஸ் பட்டணத்து ஆற்றில் துரைமார்கள் ஒல்லிப் படகில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சீமைக்குத் திரும்பிப் போகிற டாக்டர் ஒருவரிடம் அப்படியொரு படகை வாங்கினார். அதற்குக் கானோ என்று பெயராம். ஆற்றில் இறக்கினால் சேறாகும் என்று களத்து வைக்கோல் போரின் மேல் வைத்துப் பத்து நாள் துடுப்புப் போட்டுப் பழகினார். வைக்கோலில் அவரை மிஞ்ச ஆளில்லை. மனுக்கு மேல் மனுப் போட்டதில், ஜெயித்தவருக்கு மெடல் குத்தப் புதுச்சேரியிலிருந்து ஒரு துரை வருவதாகவும் ஏற்பாடாகிவிட்டது.

பந்தயமென்றால் எதிராளி ஒருவன் வேண்டும். ஓடக்காரன் செல்லப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"என் கானோவுக்குப் பின்னாலயேதான் நீ வரணும். ஒரு முழம் முன்னால வந்தாலும் அப்புறம் உனக்கு இந்த ஆத்துல வேலயில்ல, தெரிஞ்சிக்கோ."

"நீங்க எங்க போனாலும் பின்னாலயே வர்றேன் எசமான்."

கூடவே, வெள்ளத்தில் தண்ணீர் அக்கரைக்குத்தான் இழுக்கும், இக்கரை ஓரமாகவே போங்கள் என்றும் செல்லப்பன் சொல்லிப் பார்த்தான். பாரீஸில் யாரும் ஓரமாகப் போகவில்லை என்று பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார் சிங்காரவேலு.

அன்று காலை ஆறு கரைதொட்டு ஓடியது. படகுகள் புறப்படும் துறைக்கு அரை மைல் கீழே, இதே கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் பண்ணையாள் அய்யனார் பிரெஞ்சு மூவர்ணக் கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கல்லாக நின்றான்; அவனுக்கு நேரே கரைமேல் பந்தலில் துரை. வேட்டு போட்டார்கள்.

சிங்காரவேலு நடு ஆற்றுக்குப் போனார். கானோ இரண்டு சுற்றுச் சுற்றி, முகம் எது முதுகு எது என்று மறந்து, அக்கரையைப் பார்த்துக் கிளம்பியது. செல்லப்பன் நினைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடியைத் தொட்டிருப்பான். உத்தரவு உத்தரவுதானே. ஒரு முழம் பின்னாலேயே போனான். இரண்டும் சேர்ந்து அக்கரை நாணலில் சொருகின.

அக்கரை இங்கிலீஷ்காரன் சீமை. சுங்கச்சாவடிச் சேவகன் தங்கவேல் நிதானமாக இறங்கி வந்து கானோவைத் தட்டிப் பார்த்தான்.

"பிரெஞ்சு சரக்கா? பர்மிட் எங்க?"

பாரீஸ், பந்தயம், மெடல் என்று சிங்காரவேலு எல்லாவற்றையும் சொன்னார். தங்கவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடலூரிலிருந்து கடுதாசி வரும்வரை படகு இங்கேயே இருக்கட்டும் என்றான். செல்லப்பனின் ஓடத்தை அவன் திரும்பியே பார்க்கவில்லை. அது தினமும் வந்துபோகிற ஓடம். அதனால்தான் அங்கே ஏற்கெனவே ஆட்கள் காத்திருந்தார்கள். காசம்மாள் இரண்டு வெள்ளாட்டோடு ஏறி, கானோவை விட்டு அதில் ஏறியிருந்த மிராசுதாரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள்.

"இன்னாங்க மிராசு, இந்த வெள்ளத்துல இந்தப் பக்கம்? வூட்ல சண்டையா?"

அவர் தள்ளி உட்கார்ந்தார். மெடல் குத்தவேண்டிய இடத்தை ஒரு ஆடு மோந்து பார்த்தது.

செல்லப்பன் கரையோரமாகவே மேலே ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து குறுக்கே விட்டு, கொடியருகிலேயே கொண்டுவந்து சேர்த்தான். மணி பன்னிரண்டரை. பந்தலில் நாற்காலி காலி. சாப்பாட்டு நேரம் தவறக் கூடாதென்று துரை பதினொன்றரைக்கே கிளம்பிவிட்டாராம். கையெழுத்தாகி வந்த மெடலைத் திருப்பிக் கொண்டுபோகச் சட்டத்தில் இடமில்லையாம். பந்தய எல்லையில் இருந்த ஒரே ஆளுக்குக் குத்திவிட்டுப் போயிருந்தார்.

அய்யனார் தலைப்பாகையில் மெடலோடு இன்னும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு நீச்சல் தெரியாது.