எட்டாவது துணி

காது மெக்கானிக் என்றால்தான் அந்த வட்டாரத்தில் அவனைத் தெரியும். என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைப் புட்டுப் புட்டு வைப்பான் என்று பேர். உண்மையில் பாதி நேரம் காது ஒன்றும் சொல்வதில்லை. வண்டி ஓட்டுகிறவர்களின் வாயைக் கிளறித்தான் விஷயத்தைக் கறப்பான். ஆனால் வந்த பேரை வேண்டாமென்று சொல்ல அவன் என்ன கிறுக்கனா?

அன்று காலை ரொட்டிக் கம்பெனியின் பழைய டீசல் வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டிரைவர் அவனுடைய அக்கா வீட்டுக்காரர். பத்தொன்பது வருஷமாக அதே கம்பெனி, அதே வேன். பின்னாலேயே முதலாளியும் காரில் வந்து இறங்கினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன மாமா ஆச்சு?"

"ரெண்டு நாளா மேடு ஏறும்போது மட்டும் இழுக்கல மாப்ள. ஆஃப் பண்ணிட்டு மறுபடி எடுத்தா சரியாயிடும். இன்னைக்கு பாலத்து மேல பாதியில ஒரேயடியா படுத்துருச்சு. எவ்வளவு மிதிச்சாலும் நகரல."

"புகை?"

"கருப்பு. தார் காய்ச்சுற மாதிரி."

கரும்புகை என்றால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை என்று அர்த்தம். அது மெக்கானிக்குக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் ஓட்டியவருக்கும் தெரியும். முதலாளிக்குத்தான் தெரியாது.

"புகை கெடக்குது விடு," என்றார் முதலாளி. "ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ரொட்டி மூணு மணி நேரம் லேட்டு. ஆஸ்பத்திரிக்காரன் இனிமே வேண்டாம்னுட்டான். இவரு டீசல உருவி வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்துறாருன்னு ரொம்ப நாளா காதுல விழுது. நான்தான் நம்பாம இருந்தேன். நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

மாமாவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அவர் பதறவில்லை. மச்சினன் பார்க்கப் போகிறான், உண்மை வெளியே வந்துவிடும் என்று சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அவன் பானெட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தான். ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. இருக்காதா பின்னே? போன சனிக்கிழமைதான் அவனே ஊதிச் சுத்தம் செய்து மாட்டினான். காற்றுக் குழாய்க்குள் கையை விட்டான். விரலில் மெத்தென்று ஏதோ பட்டது. இழுத்தான். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. ஃபில்டரைக் கழற்றினால் நட்டு, தூசி எதுவும் உள்ளே விழாமல் இருக்கக் குழாயின் வாயில் ஒரு துணியை அடைப்பான். அதற்கென்றே எட்டுத் துணிகள், எல்லாம் அக்காவின் பழைய சேலையில் கிழித்தவை. கடை சாத்தும்போது எட்டையும் எண்ணி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவான். மெக்கானிக்கா வண்ணானா என்று மாமாவே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். போன சனிக்கிழமை எண்ணியபோது ஏழுதான் இருந்தது. பசி வேறு. பேன்ட் பாக்கெட்டில் கிடக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஷட்டரை இழுத்து விட்டான்.

இப்போது அது கையில் இருந்தது. அந்தக் கம்பெனிக்கு இன்னும் ஆறு வேன்கள் உண்டு, ஆறும் இவன் கடைக்குத்தான் வருகின்றன. உள்ளே துணியை விட்டு மூடியவன் என்று தெரிந்தால் வேனும் போகும், பேரும் போகும். தூக்கிய பானெட் மறைத்தது. துணி பாக்கெட்டுக்குள் போனது.

"என்ன, டீசல்தானே?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி இவனுக்கு வாய்க்கவில்லையாம்.

"இருக்கலாம் சார்."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டாங்கில் இருந்ததை இறக்கிவிட்டுப் புது டீசல் ஊற்றினான். சாவியைத் திருப்பியதும் வேன் சிங்கம் மாதிரி உறுமியது. முதலாளியே ஏறி எதிரிலிருந்த மேட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். புகையே இல்லை.

"பாத்தியா? வேற அத்தாட்சி வேணுமா?" என்று மாமாவிடம் கையை நீட்டினார். "கம்பெனி சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

மாமா மச்சினனைப் பார்த்தார். மச்சினன் சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் நடுத்தெருவில் நின்று ஒவ்வொரு பட்டனாகக் கழற்றிச் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு பனியனோடு நடந்தார். திருட்டுப் பட்டத்தோடு ஒரு மனிதர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிற மச்சினனுக்கு வாய் இருந்து என்ன, காது இருந்து என்ன?

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். சொல்லிவிடுவது என்றுதான் போனான். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முன்னால் வைத்த சோறு ஆறிப்போயிருந்தது.

அக்கா இவனைக் கண்டதும் ஓடி வந்தாள். "நீ வந்துட்டேல்ல, இனி எனக்குக் கவலையில்ல. நீ சொன்னா மொதலாளி கேப்பாருடா. இவரு அப்பிடிப்பட்டவரு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. தம்பி இருக்கான், பாத்துக்குவான்னு காலையிலேர்ந்து இவருகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். வாயே தொறக்க மாட்டேங்கறாரு."

"சொல்றேன்க்கா," என்றான்.

அந்த ஒரு சொல்லிலேயே அவள் முகம் தெளிந்துவிட்டது. உள்ளே போய் ஒரு துணிக்கட்டோடு வந்தாள். "அந்த நீலச் சேலையில மிச்சம் இருந்தத கிழிச்சு வெச்சிருக்கேன். கடைக்கு ஆகும். எடுத்துட்டுப் போ."

மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். குரலில் கோபமே இல்லை.

"அத்தனையும் எதுக்குடி? ஒன்னு குடு, போதும். அவன்கிட்ட ஒன்னுதான் குறையும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அக்கா சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. துணிக்கட்டிலிருந்து ஒன்றை உருவித் தம்பியிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான்.