நாற்பத்தொரு நத்தைகள்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. கடல் உயிரியல் படிக்கும் என் அக்கா மகள் சாப்பிடும்போது வாய் தவறிச் சொன்னது. எழுதுகிறேன் என்று தெரிந்தால் நான் தொலைந்தேன்.

2

தொடக்கம்: "அலைகள் தாலாட்டும் அதிகாலையில்..." [வேண்டாம். கடல் யாரையும் தாலாட்டி நான் பார்த்ததில்லை.]

இன்னொன்று: அவள் சட்டத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினாள்.

இது நிற்கும். சட்டம் என்பது நான்கு குழாய்த் துண்டுகளைச் சேர்த்த சதுரம். கடல் வற்றும் நேரத்தில் பாறைமேல் நின்று, பார்க்காமல் வீசி, விழுந்த சதுரத்துக்குள் இருக்கும் நத்தைகளை எண்ண வேண்டும். பார்த்து வீசினால் கை வேண்டிய பக்கம் போய்விடும்.* ஏழு மாதம் எண்ணினாள், மாதாமாதம் குறைந்தது. 'இந்தக் கரையில் நத்தைகள் அழிந்துவருகின்றன' என்று ஆய்வேட்டை முடித்தும்விட்டாள். நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும்.

*கதாசிரியர்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் தேவலை.

3

அட்டைப் படத்துக்காகக் கடைசியாக ஒரு வீச்சு. ஈரக் கையிலிருந்து நழுவிய சட்டம் கீழே பாசி படர்ந்த பக்கம் போய் விழுந்தது. அவளுடைய கூட்டாளி, உட்கார்ந்தால் எழுந்திருக்காததால் வகுப்பில் 'நங்கூரம்' என்று பெயர் வாங்கியவள், தவழ்ந்து போய் எண்ணினாள்.

"நாப்பத்தொண்ணுடி! போன மாசம் ஒரு சட்டத்துக்கு எவ்ளோ எழுதின?"

"ரெண்டு... மூணு."

"நத்தை எங்கயும் போகல. வழுக்கும்னு பயந்து நீதான் இந்தப் பக்கமே வரல."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இத்தனை மாதமும் பார்க்காமல்தான் வீசினாள். ஆனால் நிற்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நின்றாள். முதல் மாதம் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவள், பாசி படரப் படர மேலே மேலே ஏறியிருக்கிறாள்.

4

முடிவு ஒன்று: சட்டத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். ஆய்வேடு அப்படியே போகிறது. [இதற்கு நங்கூரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நடக்கிற காரியமா?]

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் கைதட்டு... [கைதட்டுவதாவது! திரும்ப எண்ணி எழுத ஒரு வருடம் போகும்.]

நிஜத்தில் என்ன செய்தாள்? கேட்டேன். "தண்ணிய எடு சித்தி" என்றாள். நானும் விட்டுவிட்டேன். எனக்கும் வழுக்காத இடம்தான் பிடிக்கும்போல.

5

ஆகவே அவளை இங்கே நிறுத்துகிறேன். ஒரு கால் பாசியில். கடல் ஏற இன்னும் அரைமணி நேரம்.

"எழுதிக்கறியா?" என்றாள்.

"சொல்லு" என்று நங்கூரம் பென்சிலை எடுத்தாள்.

'இந்தக் கரையில் நத்தைகள்...'

மீதியை நீங்கள் எழுதுங்கள். எழுதும் முன் ஒருமுறை குனிந்து, எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.