சலுகை நாட்கள்

அப்பாவின் அடையாள அட்டையைத் தேடி மேஜையின் கீழ் இழுப்பறையை மகள் இழுத்தபோது அது பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளே கையை விட்டுத் துழாவினாள். அகப்பட்டதும் அட்டைதான், ஆனால் அவர் எழுதிய அட்டைகள். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு, கூடவே ஒரு பென்சில்.

காப்பீட்டுப் பத்திரங்களில் வரும் சொற்களுக்கு யாருக்கும் புரிகிற மாதிரி விளக்கம் எழுதுவது அப்பாவின் வேலை. அந்த 'யாருக்கும்' அவருக்கு அம்மாதான். எழுதியதைப் படித்துக் காட்டுவார். புரிந்தால் அம்மா பென்சிலால் ஒரு டிக் போடுவாள். இல்லையென்றால் ஒரே சொல்: "புரியல." அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

'தவணை: மழை இல்லாத நாளிலும் குடைக்குத் தரும் வாடகை.' அடித்திருந்தது. ஓரத்தில், 'குடையைப் போய் யாரு வாடகைக்கு எடுப்பா என்கிறாள்.'

வந்த சிரிப்பை மகள் விழுங்கிக்கொண்டாள். கூடத்தில் அப்பா கிடத்தப்பட்டிருந்தார்.

அவரோடு வேலை பார்த்தவர் கதவருகே வந்து தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்காதம்மா. சாரோட அகராதி நாளைக்கு அச்சுக்குப் போகுது. ஒரே ஒரு சொல்லு பாக்கி. உங்கம்மா டிக் இல்லாம போடக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. இல்லன்னா பழைய விளக்கத்தையே போட்டுடுவாங்க. அது வக்கீலுக்கே புரியாது."

அந்தச் சொல் கட்டின் அடியில் இருந்தது. 'சலுகை நாட்கள்.' ஒன்றல்ல, இருபத்து மூன்று அட்டைகள். நாளுக்கு ஒன்றாகத் தேதி. முதல் தேதி, டாக்டர் "பத்து நாள் தாங்கினா பெரிசு" என்று சொன்ன அன்றைய தேதி. எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. முந்தாநாள் எழுதிய கடைசி அட்டை மட்டும் அடிக்கப்படவில்லை. கோணல் எழுத்தில், 'கெடு முடிந்த பிறகும் கிடைக்கும் சில நாட்கள்.' இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

ஓரத்தில் பொடியாக ஒரு வரி: 'புரிந்துவிட்டது இவளுக்கு. நான் கேட்கவில்லை.'

அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, கூடத்தில் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, இது உனக்குப் புரியலயா?"

அம்மா அட்டையைப் பார்க்கவில்லை.

"மொத நாளே புரிஞ்சுது."

"அப்புறம் ஏம்மா..."

"இதுதான் கடைசிச் சொல்லுன்னாரு. டிக் போட்டா கடையைக் கட்டிடுவாரே."

மகளின் கட்டைவிரல் அந்த வரிமேலேயே இருந்தது.

"வெரலை எடு" என்றாள் அம்மா. "அதையும் படிச்சுட்டேன்."

கதவருகே நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

மகள் பென்சிலை நீட்டினாள். அம்மா அதன் முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். கூராகத்தான் இருந்தது.

"சீவணும்" என்றாள்.

மகள் எழுந்து உள்ளே போனாள். ஷார்ப்னர் மேஜைமேல், கண்ணெதிரே இருந்தது. அவள் குனிந்து, இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடத் தொடங்கினாள்.