கருப்பில் ஒட்டிய ஈ

“ஏஞ் சாமி, உனக்கு வாயில நாக்கு இருக்குதா இல்லையா?”

முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது கலைமணி தனப்பிரியாவிடம் இப்படித்தான் கேட்டார். எருமப்பட்டி ரோட்டில் கார் பட்டறை வைத்திருப்பவர். அவள் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு அவள் வெளியாட்களிடம் பேசுவதே இல்லை.

தன் காரின் உள்பக்க பிளாஸ்டிக் துண்டுகளைக் கழற்றி, அவள் அண்ணன் சரவணக்குமாரிடம் கொடுக்கத்தான் அவர் வந்திருந்தார். கண்ணாடி மாதிரி கருப்படித்துக் கொடுத்தால் பட்டறையிலேயே பெயின்ட் அடிக்க இடம் தருவதாகச் சொன்னார். அது அமையட்டும் என்று அண்ணனைவிடத் தனப்பிரியாதான் அதிகம் வேண்டிக்கொண்டாள். அமைந்தால் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் நாற்றம் வீட்டைவிட்டுப் போகும். சோற்றில் தின்னர், தலையணையில் தின்னர், அம்மா வைக்கிற பூவில்கூடத் தின்னர்.

அந்தத் துண்டுகளைக் கழுவும் வேலை அவளுடையது. கதவுக் கைப்பிடியின் சந்தில் மூக்குச்சளி காய்ந்திருந்தது. ஏசி காற்று வரும் இடுக்கில் முடி, பாக்குத்தூள், யாரோ கடித்துத் துப்பிய நகம். பழைய டூத்பிரஷால் நோண்ட நோண்ட வந்துகொண்டே இருந்தது. அன்று மத்தியானம் அவளால் சோற்றைக் கையால் பிசைய முடியவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்துக் கோழிப்பண்ணையில் எரு அள்ள லாரி வந்து நின்றது. எரு அள்ளுகிற நாளில் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். ஈ அப்படி வரும்.

“இன்னைக்கு அடிக்காதண்ணா. எரு அள்ளறாங்க.”

“ஈக்குப் பயந்துக்கிட்டு ஊட்டுக்குள்ள உக்காந்தா எப்பப் பட்டறைக்குப் போறது? போயி முட்டை அட்டை எடுத்துட்டு வா பாப்பா.”

வாசலில் முட்டை அட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் துண்டுகளை வைத்து ஸ்ப்ரே அடித்தான். கருப்பு நன்றாகத்தான் பிடித்தது. குனிந்தால் தனப்பிரியாவின் முகமே தெரிந்தது. அந்த முகத்தின்மேல் முதல் ஈ வந்து உட்கார்ந்தது. அப்புறம் மொய்த்துவிட்டது. கோழிப்பீயில் உட்கார்ந்த கால்கள் ஈரப் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டன. இடுக்கியால் பிடித்து இழுத்தால் உடம்பு மட்டும் பிய்ந்து வந்தது. காலும் இறக்கையும் அங்கேயே தங்கிவிட்டன.

“தேய்ச்சு எடுத்துட்டுத் திரும்ப அடிண்ணா.”

“அவரு சாயங்காலம் வர்றாரு. கருப்புக்குள்ள கருப்பு, எவன் பாக்கப் போறான்?”

பளபளப்புக்கான கிளியரை அதன்மேலேயே அடித்துவிட்டான்.

சாயங்காலம் கலைமணி வந்தார். அம்மா கொடுத்த டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் பிளாஸ்டிக் துண்டைத் தடவினார். விரல் நின்றது.

“இதென்னப்பா, சொரசொரங்குது?”

“அது டிசைனுங்கண்ணா. இப்பெல்லாம் இதத்தான் கேக்கறாங்க.”

அவர் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. மறுபடியும் அதே விரலை நாக்குக்குக் கொண்டுபோனார்.

“வேண்டாங்க! அது ஈங்க!” கதவுக்குப் பின்னாலிருந்து தனப்பிரியா கத்தியேவிட்டாள். “கோழி எருவுல உக்காந்த ஈயோட காலுங்க.”

அண்ணன் திரும்பி முறைத்தான். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலைமணி டம்ளரைக் கீழே வைத்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் போய் வாய் கொப்பளித்துக் காறித் துப்பினார். துணி சோப்பை எடுத்து அந்த ஒற்றை விரலை மட்டும் தோல் சிவக்கத் தேய்த்தார். பிறகு துண்டுகளின் பக்கம் திரும்பாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.