ஒரே அழுகைக்கு ரெண்டு மைக்

தல்லாகுளத்து ஜவுளிக்கடையில் வேலை பார்த்த மகள் நாகஜோதி வீடு திரும்பாமல் மூணு நாளாச்சு. பாண்டீஸ்வரிக்குத் தொண்டையில் பச்சைத் தண்ணி இறங்கவில்லை. போலீஸ்காரர்கள் தேடினால்தானே? "தானா வந்துரும், போம்மா" என்று விரட்டினார்கள். பாண்டீஸ்வரியோடு தேடி அலைந்தவன் ஒரே ஒருத்தன், அதே கடையில் வேலை பார்க்கும் ராம்கி. காலனிக்காரன். அவன் பைக்கில்தான் வாடிப்பட்டிக்கும் மதுரைக்கும் நாயாய் அலைந்தாள்.

டிவியில் வந்தால் போலீஸ் அசையும் என்று யாரோ சொன்னதை நம்பி, நிருபர் சிவக்குமாரைக் கூப்பிட்டாள். இந்தக் கூத்தைக் கேளுங்க: ஆள் ஒருத்தன், கேமரா ஒண்ணு, தோள்பைக்குள்ளே எதிரும் புதிருமான ரெண்டு கட்சி சேனலோட மைக். ஒரு மைக்கை நீட்டிப் பேட்டி எடுத்தான். அதை உள்ளே வைத்துவிட்டு மற்றதை எடுத்து, "அதே மாதிரி அழுதுகிட்டே இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்றான். படுபாவி!

"பொண்ணு போன் பேசுமா?"

"எந்நேரமும் போன்தான். கடை ஆர்டர் அம்புட்டும் அவதான் எடுப்பா."

சாயங்காலம் முதல் சேனலில் "எந்நேரமும் போன்தான்" மட்டும் வந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'காதலனுடன் ஓட்டமா?' கோட்டு போட்ட நாலு பேர் பொம்பளைப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி வாய் கிழியப் பேசினார்கள். மற்ற சேனல் இன்னும் மோசம். பேட்டியில் பாண்டீஸ்வரிக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்ற ராம்கியின் முகத்தில் சிவப்பு வட்டம் போட்டு, சாதியைச் சொல்லி, 'வலை விரித்த வாலிபர்' என்றது.

மறுநாள் காலையில் ஸ்டேஷனில் ஏட்டையா சிரித்தார். "ஓடிப்போச்சுன்னு டிவியிலயே வந்துருச்சேம்மா. நீயேதானே சொல்லியிருக்க."

"நான் அப்படிச் சொல்லலய்யா!" கத்தினாள், காலில் விழுந்தாள். யார் கேட்டது?

காலனிக்கு ஓடினாள். ராம்கியின் பைக் வாசலில் நொறுங்கிக் கிடந்தது. அவன் அம்மா சோணையம்மாள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ராம்கி எங்க தாயி?"

"ஆஸ்பத்திரியில. ஒங்க தெருக்காரங்கதான் அடிச்சாங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "எம்மகனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அதே டிவியில வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன் தாயி, இப்பவே சொல்றேன்." அங்கேயே நின்று சிவக்குமாருக்குப் போன் போட்டாள்.

"அது நேத்து நியூஸ்க்கா" என்றான் அவன். "பொண்ணு பொணமாக் கெடைச்சா கூப்பிடுங்க, வாரேன்."