வெள்ளைக்கும் தந்த நிறத்துக்கும் இடையே

ஆம்பூரில் உள்ள ஒரு காலணித் தொழிற்சாலையில் நான் பதினேழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். என் பெயர் சம்பூர்ணம், வயது ஐம்பத்தாறு. என் பணி ஜோடி சேர்த்தல் ஆகும். தோல் என்பது துணியைப் போல ஒரே சீராக அமைவதன்று. ஒரே தோலின் முதுகுப் பகுதி சாயத்தை ஒரு விதமாகவும், வயிற்றுப் பகுதி வேறு விதமாகவும் ஏற்கும். ஆகவே வெட்டப்பட்டு வரும் துண்டுகளில் இடக்காலுக்கு உரியதையும் வலக்காலுக்கு உரியதையும் நிறம் பார்த்து இணைத்தல் வேண்டும். நான் இணைத்துத் தள்ளுவேன். மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்திருக்கும் சுகரா பேகம் அவற்றை ரப்பர் வளையத்தால் கட்டி, எண் சீட்டைச் செருகித் தட்டில் அடுக்குவாள்.

"ரெண்டு காலும் ஒரே வயித்துல பொறந்தா மாதிரி இருக்கணும்க்கா" என்பது அவள் வாக்கு.

ஐம்பத்து மூன்றாம் வயதில் நான் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்றேன். இதை இங்குக் குறிப்பிடுவது பெருமைக்காக மட்டுமன்று. பின்னர் நேர்ந்த பிழைக்கும் அதுவே காரணம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் என் பார்வையில் ஒரு மாற்றம் தோன்றியது. குழல் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. வெள்ளைத் துண்டுகள் யாவும் மஞ்சள் நீரில் நனைத்து எடுத்தவை போலத் தோன்றின. நெடுஞ்சாலையைக் கடக்கையில் எதிர்வரும் பேருந்தின் எண்ணைப் படிக்க இயலவில்லை.

என் பாடநூலை எடுத்துப் புரட்டினேன். 'வைட்டமின் ஏ குறைபாட்டினால் மாலைக்கண் நோய் உண்டாகிறது' என்று அதில் இருந்தது. தேர்வில் இவ்வினாவுக்கு விடையளித்து இரண்டு மதிப்பெண்களும் பெற்றவள் நான். கண்ணில் குறை என்றால் உணவில் குறை என்று முடிவு செய்தேன். பொன்னாங்கண்ணிக் கீரை நாள்தோறும், முருங்கைக்கீரை வாரம் மூன்று முறை, காலையும் மாலையும் ஒரு பெரிய குவளை கேரட் சாறு என அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். வெறும் சாறு தொண்டையில் இறங்கவில்லையாதலால் வெல்லம் சேர்த்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரில ஒரு தபா காமிச்சுடுக்கா" என்றாள் சுகரா.

"பாடநூலிலேயே போட்டிருக்குடி. நான் படிச்சிருக்கேன்."

"படிச்ச அம்மாகிட்ட நான் இன்னாத்த பேசறது! தின்னு, தின்னு. இன்னும் நாலு நாள்ல முயலாட்டம் காது மொளைக்கும்."

உண்மையை மறைத்தல் ஆகாது. பாடநூலின் மீதிருந்த நம்பிக்கையைவிட அறுவை சிகிச்சையின் மீதிருந்த அச்சமே என்னிடம் மிகுதியாக இருந்தது. ஜோடி சேர்க்கும் மேசையை இழந்துவிடுவேனோ என்ற அச்சம் அதனினும் மிகுதி. பசை தடவும் பிரிவிலிருந்து அவ்விருக்கைக்கு வந்து சேர எனக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன.

நான்கு மாதங்கள் கடந்தன. நான் இணைத்த ஜோடிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கீரை தன் கடமையைச் செய்கிறது என்று மகிழ்ந்தேன். அதைத் தினமும் சுகராவிடம் கூறியும் வந்தேன். அவள் தலையைக் குனிந்து கட்டிக்கொண்டே "ஆமாக்கா, ஆமா" என்பாள்.

வைகாசியில் சுகராவின் மகள் உமைமாவுக்கு வாணியம்பாடியில் பிரசவம் நேர்ந்தது. சுகரா நான்கு நாள் விடுப்பில் சென்றாள். அவள் இடத்தில் வேறொருத்தி அமர்ந்து, நான் தள்ளியதைத் தள்ளியவாறே கட்டினாள். ஐந்தாம் நாள் காலை மேற்பார்வையாளர் தன்சீல் அகமது அறுபத்திரண்டு ஜோடிகளை என் மேசைமேல் கொட்டினார்.

"சம்பூர்ணம்மா, இன்னா இது? லெப்ட் ஒயிட்டு, ரைட் ஐவரி. ஒரு கால் கல்யாணத்துக்குப் போவுது, இன்னொரு கால் மஞ்சக்காமாலையில படுத்துக்கினு கீது."

நான் இரண்டு துண்டுகளை எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன.

அப்பொழுதுதான் பணிக்குத் திரும்பியிருந்த சுகரா, கையில் மிட்டாய்ப் பெட்டியுடன் நின்றுகொண்டிருந்தாள். பேரன் பிறந்திருந்தான். அவள் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "சார், அக்காவத் திட்டாதீங்க. நாலு மாசமா நான்தான் கட்டறப்போ மாத்தி மாத்தி வெச்சேன். சொல்லாதது என் தப்பு" என்றாள்.

என் கீரையின் வெற்றி எனக் கருதியது அனைத்தும் அவள் விரல்களின் வேலை. என் கண்ணெதிரே, ஒரு முழத் தூரத்தில், அவள் துண்டுகளை மாற்றியிருக்கிறாள். அதைக்கூட நான் காணவில்லை.

தன்சீல் அகமது நல்லவர்.

"கண்ணப் பாத்துக்கினு வாங்கம்மா. அதுவரைக்கும் நூல் வெட்டற எடத்துல இருங்க. திரும்பி வந்தா டெஸ்ட் வெப்பேன். பாஸானா இந்த சீட்டு உங்களுது. இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாள் வேலூரில் உள்ள ஒரு கண் மருத்துவமனைக்குச் சுகராவே என்னை அழைத்துச் சென்றாள். மருத்துவர் நந்தினி என் கண்களைச் சோதித்த பின் நான் என் அட்டவணையை ஒப்பித்தேன். அவர் நகைக்கவில்லை.

"நீங்க படிச்சது சரிதாம்மா. ஆனா அது வேற நோய். மாலைக்கண்ணுக்கு வைட்டமின் ஏ. உங்களுக்கு இருக்கறது புரை. கண்ணுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு வில்லை இருக்கு. அதுல இருக்கற புரதம் கெட்டுப்போய் மங்கிடுச்சு. வெந்த முட்டையோட வெள்ளைக்கரு மறுபடியும் தெளியுமா?"

"தெளியாது, மேடம்."

"கீரை, காய், பழமெல்லாம் கண்ணுக்கு நல்லதுதான், சாப்பிடுங்க. ஆனா வந்த புரையைக் கரைக்கற சாப்பாடு எதுவும் கெடையாது. வில்லையை எடுத்துட்டு வேற வைக்கணும்."

ஆயினும் உடனே வைக்க இயலவில்லை. ஒன்பது ஆண்டுகளாக எனக்கு நீரிழிவு உண்டு. சோதனையில் சர்க்கரை முந்நூற்று இருபது எனக் காட்டியது. மிகுந்த சர்க்கரை புரையை விரைவுபடுத்தும் என்றும், அது குறையாமல் கண்ணில் கை வைக்க முடியாது என்றும் மருத்துவர் விளக்கினார். கண்ணுக்கு மருந்தென்று கருதி நான் பருகிய வெல்லச் சாறு கண்ணுக்கே கேடாயிற்று.

பேருந்தில் திரும்புகையில் சுகரா சொன்னாள்: "இனிமே உன் டிபன் டப்பாவ நான்தான் தொறப்பேன். வெல்லம் கண்டேன், கைய ஒடிச்சுடுவேன்."

சொன்னவாறே செய்தாள். கேரட்டும் கீரையும் பொரியலாக மாறின, சோறு பாதியாகக் குறைந்தது, மாத்திரை தவறவில்லை. எட்டு வாரங்களில் சர்க்கரை நூற்று ஐம்பதுக்கு இறங்கியது. ஆடி மாதத்தில் வலக்கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடைபெற்றது. நான் அஞ்சியதில் பத்தில் ஒரு பங்கு வேதனையும் இல்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தனர். செவிலியின் உடை நீலம். அத்தகைய நீலத்தை நான் பல ஆண்டுகளாகக் கண்டதில்லை போலும். இடக்கண்ணால் பார்த்தால் சுவர் பழுப்பு; வலக்கண்ணால் பார்த்தால் அதே சுவர் வெள்ளை. இரண்டு கண்களையும் மாறி மாறி மூடித் திறந்துகொண்டே இருந்தேன்.

"சுகரா, உன் மூக்குத்தி கல்லு செவப்பா? நான் இத்தன நாள் கருப்புன்னு இருந்தேன்."

"அது இருக்கட்டும். என் மூஞ்சி எப்படி கீது?"

"சுருக்கம் ஜாஸ்திடி."

"அல்லா! இந்தக் கண்ண ஏன்தான் தொறந்து வெச்சாங்களோ!"

சொட்டு மருந்துக் காலம் முடிந்து பணிக்குத் திரும்பிய அன்றே தேர்வு வைக்கப்பட்டது. தன்சீல் அகமது இருபத்து நான்கு துண்டுகளைக் கலைத்துப் பரப்பினார். பதினொரு ஜோடிகளை இணைத்தேன். எஞ்சியவை ஓர் இடக்காலும் ஒரு வலக்காலும். சுற்றி நின்றவர்கள் "சேருங்க, முடிஞ்சுது" என்றனர். நான் இடக்கண்ணை மூடிக்கொண்டு சன்னல் வெளிச்சத்தில் அவற்றைப் பிடித்து நெடுநேரம் பார்த்தேன்.

"இது ரெண்டும் ஜோடி இல்ல சார். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு தந்தம். கட்டிங்குக்குத் திருப்பி அனுப்பணும்."

அவர் சிரித்தார். வேண்டுமென்றே கலந்து வைத்தவை அவை. நாற்காலியை என் பக்கம் இழுத்துவிட்டு, "உட்காருங்கம்மா" என்றார்.

அவர் சென்ற பின், நான் பலமுறை மனத்துக்குள் அமைத்து வைத்திருந்த வாக்கியத்தைச் சுகராவிடம் கூறினேன்: "நீ செய்த உதவிக்கு என் உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

"இன்னாக்கா, மேடையில மைக்கப் புடிச்சா மாதிரி? நாலு மாசம் உன் வேலையும் சேத்துப் பாத்ததுல எனக்குக் கழுத்து வலி. மொதல்ல கையை ஓட்டு."

கையை ஓட்டினேன். அன்று மாலை சங்கு ஊதும்வரை அவள் கட்டினாள். ஒரு துண்டையும் அவள் மாற்றவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.